மல்ச்சிங் ஷீட்: களைக்கூலி மிச்சம்தான், ஆனால் கணக்கு இரண்டாம் பயிரில்

தக்காளிப் பாத்தியை மூடி விரித்த, 25 மைக்ரான் தடிமனுள்ள (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சில்வர்-கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் பற்றிய விமர்சனம் இது. விற்பவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது "விளைச்சல் கூடும்" என்பதைத்தான். கூடியது, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எனக்குக் கூடும்போது பக்கத்து வயல்காரருக்கும் கூடுகிறது. மலிந்துவிட்டது என்பதற்காக யாரும் தக்காளியை இரண்டு மடங்கு சாப்பிடுவதில்லை. வரத்து கொஞ்சம் மிஞ்சினாலே விலை மளமளவென்று சரிகிறது.

ஷீட் காசு மிச்சம் பிடிப்பது களைக்கூலியில். அடியில் இருக்கும் கறுப்பு வெளிச்சத்தை மறைத்துவிடுவதால் களை முளைத்தாலும் வெளுத்துச் சாகிறது. கோரை மட்டும் அடங்காது, அதன் குருத்து ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வரும். கோரை மண்டிய நிலமென்றால் முதலில் அதை ஒழியுங்கள், ஷீட் அப்புறம். மேலே உள்ள சில்வர் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் இளம்பருவத்தில் சாறு உறிஞ்சும் அசுவினியும் வெள்ளை ஈயும் குறைவு. செடி படர்ந்து ஷீட்டை மூடிவிட்டால் அந்தப் பலன் போய்விடும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. களைக்கூலி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் செலவு. விலை விழுந்தால் அடுத்த களையை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளலாம். ஷீட்டில் அது முடியாது, நாற்று நடுமுன்பே மொத்தப் பணமும் மண்மேல் விரிந்து கிடக்கும். ஐந்தடி இடைவெளியில் பாத்தி போட்டால் ஏக்கருக்கு 400 மீட்டர் ரோல் ஏறக்குறைய 7 பிடிக்கும். கடன் வாங்கி விரிப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஒரே பயிரோடு சுருட்டி எறிந்தால் எனக்குக் கட்டுப்படியாகாது. அதே துளைகளில் இரண்டாம் பயிர் எடுத்தால்தான் செலவு பாதியாகப் பிரியும்.

அதற்கு ஷீட் தாக்குப்பிடிக்க வேண்டுமே! வாங்கும்போது மைக்ரானை நம்பாமல் எடை போடுங்கள். 1.2 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளமுள்ள 25 மைக்ரான் ரோல், நடுக்குழாய் நீங்கலாக 11 கிலோ சொச்சம் இருக்க வேண்டும். எனக்கு வந்தவற்றில் ஒன்று 9 கிலோகூட இல்லை. அப்படியென்றால் அது 20 மைக்ரான்தான். கடைக்காரர் முனகிக்கொண்டே மாற்றித் தந்தார்.

துளை போடுவதிலும் கவனம் தேவை. பிளேடால் குறுக்காகக் கீறினால் காற்றில் கிழிசல் நீண்டுகொண்டே போகும். சூடாக்கிய இரும்புக் குழாயால் சுட்டால் ஓரம் உருகி இறுகிவிடும், கிழியாது. நட்டபின் துளையைச் சுற்றி ஒரு பிடி மண் போடுங்கள். இல்லையென்றால் அடியிலிருந்து வரும் அனல் இளந்தண்டைக் கருக்கிவிடும்.

எடுக்கும்போதுதான் பெரிய தொல்லை. மெலிந்த ஷீட் துண்டு துண்டாகக் கிழிந்து மண்ணோடு கலந்துவிடுகிறது. பொறுக்கவும் கூலி, விட்டால் அடுத்த உழவில் மேலும் நொறுங்கும். சீனாவில் இந்தத் தொல்லை முற்றித்தான் 2017 தரநிலையில் குறைந்தபட்சத் தடிமனை 8 மைக்ரானிலிருந்து 10 ஆக உயர்த்தினார்கள். அதுவும் என் கணக்கில் மெலிசுதான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்த முறை 30 மைக்ரான், துளை போடாத ரோல். தக்காளி முடிந்ததும் அதிலேயே வெள்ளரி.