மாம்பழ மினி கேக்: எசென்ஸா, கிரஷ்ஷா, சுண்டக் காய்ச்சிய கூழா?

சேலத்தில் இருந்துகொண்டு மாம்பழ கேக்குக்கு எசென்ஸ் ஊற்றுவது, மேட்டூரில் குடியிருந்துகொண்டு தண்ணீர் கேன் வாங்குகிற மாதிரி என்று என் நாத்தனார் ஒருநாள் சொல்லிவிட்டார். நான் அப்போது எசென்ஸ்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரோஷம் வந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு மாம்பழ சீசன் முழுக்க, ஒரே அளவு மாவை வைத்துக்கொண்டு எசென்ஸ், பாட்டிலில் விற்கும் கிரஷ், காய்ச்சாத பச்சைக் கூழ், சுண்டக் காய்ச்சிய கூழ் என்று மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். கடைசியில் சுண்டக் காய்ச்சிய கூழிலேயே நின்றுவிட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடிஜி என்கிற மின்சார அடுப்பில் 180 டிகிரி, 14 அல்லது 15 நிமிடம்; பல்குச்சி ஈரமில்லாமல் வந்தால் எடுத்துவிடலாம். ஓடிஜி இல்லாதவர்கள் பணியாரக்கல்லில் வெண்ணெய் தடவி, மூடி போட்டு, சிம்மில் வைத்தாலும் வரும். மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும், ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். நான் முதன்முதலில் செய்ததே பணியாரக்கல்லில்தான். என் மாமியாருக்கு இன்றைக்கும் அது இனிப்புப் பணியாரம்தான், கேக் இல்லை.

என் அளவு இது: மைதா 125 கிராம், சர்க்கரை 90, வெண்ணெய் 80, முட்டை இரண்டு, பால் 25 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இதோடு பழத்துக்கு 100 கிராம் இடம். 24 குழி உள்ள மினி ட்ரேயில் குழிக்கு முக்கால் அளவு நிரம்பும். அந்த 100 கிராம் இடத்தில் எதைப் போடுவது என்பதுதான் கேள்வி.

முதலில் எசென்ஸ். அதற்குரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். விலை குறைவு, எந்த மாதமும் கிடைக்கும், கேக் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். பழத்துக்கான இடத்தில் பாலும் தயிரும் சேர்த்தால் போதும் என்பதால் மாவு கட்டுக்குள் இருக்கும். கேக் நாலு நாள் வெளியில் இருந்தாலும் கெடுவதில்லை. குழந்தைகளுக்கும் பிடிக்கிறது, ஏனென்றால் அவர்கள் தின்று பழகிய மாம்பழ மிட்டாயின் வாசனை அதுதான். குறை ஒன்றுதான்: மூக்கில் மாம்பழம், நாக்கில் வெறும் கேக். வாய்க்குள் போன பிறகு பழம் எங்கேயும் தட்டுப்படாது. வாசனை போதவில்லையே என்று இன்னும் நாலு சொட்டு விட்டால் மருந்து நெடி அடிக்க ஆரம்பிக்கும்.

கிரஷ் பாட்டிலைப் பார்த்து நான் கொஞ்ச நாள் ஏமாந்தேன். கெட்டியாக இருக்கிறதே, பழம்தானே என்று நினைத்தேன். கிரஷ் என்று விற்பதற்கு விதிப்படி பழம் 25 சதவீதம் இருந்தால் போதும். கரைந்திருக்கும் திடப்பொருள் 55 சதவீதம் இருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு சர்க்கரை. அதாவது அது கெட்டியாக இருப்பதற்குக் காரணம் பாகு, பழம் இல்லை. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். அப்படியும் சின்ன கேக்கின் ஓரம் சீக்கிரம் கருத்தது. பெரிய கேக்கில் அது ஒரு விளிம்பு, மினி கேக்கில் அதுவே பாதி கேக். மேலே தடவும் கிளேஸுக்கு கிரஷ் நன்றாக இருக்கிறது. மாவுக்குள் வேண்டாம்.

அடுத்தது, பழத்தை அப்படியே அரைத்து ஊற்றுவது. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்; எனக்கும் இதுதான் தோன்றியது. மகளின் பிறந்தநாளுக்கு வகுப்பில் கொடுக்க 48 கேக். பழ ருசி தூக்கலாக இருக்கட்டும் என்று நூறு கிராம் இடத்தில் தாராளமாக இரண்டரை மடங்கு ஊற்றினேன். அடுப்பில் அழகாக எழும்பின. வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் ஒவ்வொன்றாக நடுவில் குழி விழுந்தது, வரிசையாக யாரோ கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனதுபோல. காகிதக் கப்பை உரித்தால் கேக்கின் அடிப்பாகம் காகிதத்தோடு வந்தது. உள்ளே களி மாதிரி ஒரு அடுக்கு. மகள் "பரவாயில்லம்மா, ஸ்பூன் குடுத்துடலாம்" என்றாள். மிச்சம் பத்துப் பன்னிரண்டை டப்பாவில் போட்டு மேடையிலேயே வைத்திருந்தேன். சேலத்து மே மாத வெயிலில் மூன்றாம் நாள் காலையில் பச்சைப் பூஞ்சை.

அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாம்பழத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். 250 கிராம் கூழ் ஊற்றினால் 200 மில்லிக்கு மேல் தண்ணீர் ஊற்றியதாக அர்த்தம், அதுவும் 125 கிராம் மைதாவுக்கு. அது கேக் மாவு இல்லை, தோசை மாவு. சரி, கூழை 100 கிராமாகக் குறைத்தால்? கேக் நன்றாக வரும், ருசி மட்டும் வராது. தோராயமாக 15 கிராம் பழச்சத்து 24 கேக்குக்குப் பிரிந்து போகிறது. கேக்குக்கு ஒரு கிராம்கூட இல்லை. மஞ்சள் நிறம் தெரியும், யாராவது சொன்னால் மாம்பழம் என்று தெரியும். ஆக, பழத்தைக் கூட்டினால் தண்ணீரும் கூடுகிறது, தண்ணீரைக் குறைத்தால் பழமும் குறைகிறது. இரண்டையும் பிரித்தால்தான் வழி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 48 கேக் தேவைப்பட்டது.

பெரிய கேக்கில் இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் சமாளிக்கலாம். தீயைக் குறைத்து ஐம்பது நிமிடம் விட்டால் மெல்ல வற்றும். மினி கேக்குக்கு இருப்பதே கால் மணி நேரம். மேல் ஓடு இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். உள்ளே வேகட்டும் என்று விட்டால் ஓரம் காய்ந்து முறுகிவிடும்.

சுண்டக் காய்ச்சுவதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். அடி கனமான கடாய், அரைக் கிலோ வடிகட்டிய கூழ், சின்னத் தீ, நீளக் கைப்பிடி உள்ள மரக்கரண்டி. நீளம் முக்கியம். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அப்புறம் கெட்டியாகத் தொடங்கியதும் களி கொதிப்பது போல 'ப்ளக், ப்ளக்' என்று வெடித்துத் தெறிக்கும். ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். என் கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. அரைமணி தாண்டியதும் நிறம் எலுமிச்சை மஞ்சளிலிருந்து மஞ்சள் கிழங்கின் உள்நிறத்துக்கு மாறும். கரண்டியால் கடாயின் அடியில் ஒரு கோடு இழுத்தால், கோடு உடனே மூடாமல் இரண்டு விநாடி நிற்க வேண்டும். அப்போது இறக்கி எடை போட்டால் 200 கிராம் இருக்கும். 300 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. இதில் 100 கிராம் எடுத்தால் 250 கிராம் பச்சைக் கூழின் பழச்சத்து முழுக்க அதில் இருக்கிறது. கேக் குழி விழுவதில்லை, காகிதம் சுத்தமாக உரிகிறது. வெளியில் மூன்று நாள் தாங்குகிறது, அதுவும் டப்பாவுக்குள் வைப்பதற்கு முன் நன்றாக ஆறவிட்டால். அதற்கு மேல் ஃப்ரிட்ஜ்தான்.

கூழ் முழுக்க ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும், சூடாகச் சேர்த்தால் வெண்ணெய் உருகிப் பிரிந்துவிடும். பழத்தின் புளிப்புக்குக் கால் டீஸ்பூனுக்கும் குறைவாகச் சமையல் சோடா சேர்க்கிறேன். அதைக் கூட்டினால் சோப்பு வாடை வரும்.

எந்தப் பழம் என்பதில் நான் காசை வீணாக்கினேன். முதல் முறை, கௌரவமாக இருக்கட்டும் என்று சின்னக்கடை வீதிக்குப் போய் மல்கோவா கேட்டேன். பழக்காரம்மா எதற்கு என்று கேட்டார். கேக்குக்கு என்றேன்.

"வேக வைக்கறதுக்கா? மல்கோவாவ எதுக்குக் கண்ணு அடுப்புல போடற? அது அறுத்துத் திங்கற பழம். பெங்களூராவ எடுத்துட்டுப் போ."

நான் கேட்கவில்லை, மல்கோவாதான் வாங்கினேன். அவர் சொன்னதுதான் சரி. மல்கோவாவின் மணம் மெல்லியது, நாற்பது நிமிடக் கொதியில் அது சமையலறை முழுக்கப் பரவிவிட்டது. கடாயில் மிஞ்சியது வெறும் இனிப்பு. கிளிமூக்கு என்றும் சொல்கிறோமே, அந்தப் பெங்களூராவில் இனிப்பு கொஞ்சம் மட்டு, புளிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்டும்போது அந்தப் புளிப்புதான் கைகொடுக்கிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் தாண்டி நாக்குக்கு எட்டுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவதும் பெரும்பாலும் இந்தப் பழம்தான். விலையும் மல்கோவாவை விட எவ்வளவோ குறைவு. செந்தூராவும் பரவாயில்லை. இமாம்பசந்தை அடுப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆலையில் அடைத்த டின் கூழ் 850 கிராமில் கிடைக்கிறது. தோல் சீவி, பிழிந்து, வடிகட்டும் வேலை மிச்சம். ஆனால் அதையும் சுண்டத்தான் வேண்டும். லேபிளில் சர்க்கரை சேர்த்ததா என்று பார்த்து வாங்குங்கள், சேர்த்ததாக இருந்தால் அடிப்பிடிக்கும். சீசன் இல்லாத மாதத்தில் எசென்ஸுக்குப் போவதை விட இது மேல்.

சுண்டிய கூழின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது காய்ச்சாத பழத்தின் வாசனை இல்லை. ஜாமுக்கும், கூழைக் காயவைத்துச் செய்யும் மாம்பழத் திரைக்கும் இடைப்பட்ட, வெந்த வாசனை. எனக்கு அது பிடிக்கிறது. பிடிக்காதவர்களும் உண்டு. பக்கத்து வீட்டில் ஆர்டர் கொடுத்தவர் "நல்லா இருக்குங்க, ஆனா மாம்பழ வாசமே அடிக்கலையே" என்றார். அதிலிருந்து வெளியே கொடுக்கிற கேக்குக்கு மட்டும் கூழோடு இரண்டு சொட்டு எசென்ஸும் விடுகிறேன். நாத்தனாருக்குத் தெரியாது.

ஆரஞ்சுக்கு இந்தக் கதை பொருந்தாது. ஏற்காட்டில் அக்கா வீட்டில் மார்கழி வாக்கில் கமலா ஆரஞ்சு வரும். மாம்பழ நினைப்பில் அந்தச் சாற்றையும் சுண்டினேன், கசப்புத் தட்டியது. ஆரஞ்சின் மணம் சாற்றில் இல்லை, தோலில் இருக்கும் எண்ணெயில் இருக்கிறது. வெள்ளைப் பகுதி வராமல் மேல் தோலை மட்டும் மெல்லத் துருவி, சர்க்கரையோடு சேர்த்து விரல் நுனியால் தேய்த்தால் சர்க்கரை ஈரமாகி ஆரஞ்சு நிறமாகும். எண்ணெய் அதில் இறங்கிவிடும். பத்து நிமிட வேலை; எந்த எசென்ஸும் பக்கத்தில் நிற்க முடியாது. கமலாவின் தோல் தொளதொளவென்று இருப்பதால் துருவுவது கஷ்டம். உரிப்பதற்கு முன், பழத்தைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் துருவினால் எளிது.

அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் அதே அளவு, அதே ட்ரே, அதே 180 டிகிரியில் வைத்தேன். கேக் காளான் மாதிரி குழிக்கு வெளியே பொங்கி, அப்புறம் சுருங்கிப் படுத்தது. பழத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பழத்தின் மேல் தப்பில்லை. சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு இறுகுவதற்குள் பொங்கிவிடுகிறது. மறுநாள் பேக்கிங் பவுடரை முக்கால் டீஸ்பூனாகக் குறைத்ததும் சரியாக வந்தது. அங்கே நான் செய்தது மூன்று நான்கு முறைதான், அதனால் மலையில் இருப்பவர்கள் இதை ஒரு தொடக்கமாக எடுத்துக்கொண்டு உங்கள் அடுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாழைப்பழத்தைச் சுண்டக் காய்ச்ச வேண்டியதில்லை, நன்றாகக் கனிந்ததை மசித்துப் போட்டால் போதும். பலாவை ஒரே முறை செய்தேன். கூழ் அடிப்பிடித்தது, தப்பு என்னுடையதா பழத்தினுடையதா என்று சொல்லத் தெரியவில்லை. முட்டை இல்லாமல் தயிர் வைத்து இரண்டு முறை செய்திருக்கிறேன். ருசி குறையவில்லை, ஆனால் அடுத்த நாளே உதிர ஆரம்பித்தது. அதில் எனக்குக் கை இன்னும் படியவில்லை.

நாற்பது நிமிடம் கடாய் முன்னால் நிற்க யாருக்கு நேரம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கேக்குக்கும் நிற்பதில்லை. பழம் மலிவாக விற்கும் வாரத்தில் ஐந்து கிலோ பெங்களூரா வாங்கி, இரண்டு அடுப்பில் இரண்டு கடாய் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலை அதற்கே கொடுத்துவிடுகிறேன். இரண்டே முக்கால் கிலோ கூழ் தேறும். சுண்டினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தால் கட்டிக்கு 20 கிராம், மொத்தம் ஐம்பத்தைந்து கட்டி. ஒரு ட்ரே கேக்குக்கு ஐந்து கட்டி. முதல்நாள் இரவே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால் காலையில் இளகியிருக்கும். போன தீபாவளிக்கு இந்தக் கட்டியில்தான் செய்தேன். பொங்கலுக்கு எடுக்கப் போனபோது நாலுதான் இருந்தது. மீதியை மகள் ஐஸ் மாதிரி சப்பித் தீர்த்திருக்கிறாள்.