ஆரையம்பதியில் ஏசி இல்லாமல் ஏழு வருடம்

ஆரையம்பதி மட்டக்களப்புக்குப் பக்கத்து ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் எங்கள் 12 பேர்ச் வளவு. 2018இல் குடிபுகுந்தோம். ஏசி போடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் வீட்டுப் படமே கீறினோம்.

முதலில் பலித்ததைச் சொல்கிறேன். வடக்கிலும் தெற்கிலும் கூரையை மூன்றடி வெளியே இழுத்தோம். ஓடு வீணாகிறது என்று மேசன் முணுமுணுத்தார். மார்கழி உச்சி வெயில் நமக்குத் தெற்கே ஏறத்தாழ 59 பாகை உயரத்தில் நிற்கும். மூன்றடித் தாழ்வாரம் இருந்தால் சுவரில் ஐந்தடிக்கு நிழல் இறங்கும். ஆனியில் சூரியன் வடக்கே போனாலும் இன்னும் உயரத்தில்தான் நிற்கும், அந்தப் பக்கமும் கவலையில்லை.

மேற்குச் சுவரிடம் இந்தக் கணக்குச் செல்லாது. மூன்று மணிக்குப் பிறகு வெயில் சரிந்து நேரே அடிக்கும். ஒன்பது அங்குலச் சுவர் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு பத்து மணி வரை கக்கும். நானோ அந்த அறையைத்தான் படுக்கையறை ஆக்கியிருந்தேன்! வேம்பு நட்டோம், அது வளர வருடங்கள் எடுத்தது. அதுவரை சுவருக்கு முன்னால் கம்பிவலையை நிமிர்த்திக் கட்டி, பீர்க்கு ஏற்றித் தப்பினோம். கறிக்கும் ஆனது.

பெரிய பாடம் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கும் காலத்தில்தான் கிடைத்தது. காற்றோட்டம் என்றால் எந்நேரமும் யன்னலைத் திறந்து வைப்பது என்று நினைத்திருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. அதை நானே வீட்டுக்குள் அழைத்துக்கொண்டிருந்தேன். வந்திருந்த மாமி பார்த்துவிட்டு, "கச்சான் அடிக்கக்குள்ள மேற்கு யன்னலத் திறந்து வைக்கிறதா மகன்?" என்று கேட்டுக்கொண்டே சாத்தினார். அன்றிலிருந்து அந்த மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேற்குப் பக்கம் அடைப்பு, இருட்டிய பிறகு எல்லாம் திறப்பு. பகலில் வெளியே போய்த் திரும்பினால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

சித்திரையில் காற்று அசையாத இரவுகளுக்கு மட்டும் எந்த வடிவமைப்பும் கைகொடுக்கவில்லை, ஃபேன் வேண்டும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது பகல் சமாளித்தோம். இரவில் நுளம்புக்குப் பயந்து யன்னலைச் சாத்த, வீடு அவிந்துவிட்டது. யன்னல்களுக்கு வலை அடித்தது அதற்குப் பிறகுதான். முதல் நாளே அடித்திருக்க வேண்டும்.

மாரியில் வேறு தொல்லை. வடகிழக்குப் பக்கம் கதவுக்கு மேலே காற்றுக்காக வைத்த ஓட்டைக் கல் வழியாகச் சாரல் கூடத்துக்குள் வந்தது. சரிவாக ஒரு சீமெந்துத் தட்டு வைத்த பிறகு நின்றது. கடல் உப்புக்கு இரும்புக் கம்பிகள் நாலாம் வருடமே துருப்பிடித்தன; இப்போது ஒவ்வொன்றாக மரத்துக்கு மாற்றுகிறோம். இன்னும் இரண்டு யன்னல் மிச்சம். தச்சர் தைப்பொங்கல் கழிந்து வருகிறேன் என்கிறார், போன வருடமும் அப்படித்தான் சொன்னார்.