பழைய லேப்டாப், டெபியன், பயர்பாக்ஸ்: இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

2023 கடைசியில், ஒருவர் பயன்படுத்திக் கழித்த லேப்டாப் ஒன்றை வாங்கி லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் 12 போட்டேன். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 14 அங்குல ஃபுல் எச்டி திரை. தொழில் மெய்ப்புத் திருத்துவது. பொழுதுக்கும் உலாவியில் தமிழைப் பார்த்துக்கொண்டிருப்பதால், வேகத்துக்கு முன்னால் எழுத்துதான் என் கண்ணில் படும்.

பட்டது. எழுத்து பொடியாக இருக்கிறதே என்று டெபியனின் டெஸ்க்டாப்பான க்னோமில் அளவை 125 சதவீதம் ஆக்கியிருந்தேன். மெனு, கோப்புறைகள் எல்லாம் பளிச்சென்று இருக்க, பயர்பாக்ஸ் உலாவி மட்டும் ஈரக்கை பட்ட அச்சுத்தாள் மாதிரி மங்கல். இரண்டு சுழி ன எது, மூன்று சுழி ண எது என்று திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. மெய்ப்புப் பார்ப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

திரைமேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணானது. சங்கதி வேறு. டெஸ்க்டாப் ஓடுவது, ஜன்னல்களைத் திரையில் காட்டும் புது முறையான வேலேண்டில். உலாவியோ பழைய எக்ஸ்11 முறையில் திறந்திருந்தது. இடையில் எக்ஸ்வேலேண்ட் தரகு வேலை பார்க்கிறது. அந்த வழியாக வரும் ஜன்னலை 100 சதவீதத்தில் வரைந்து, பிறகு இழுத்துப் பெரிதாக்குகிறார்கள். இழுத்தால் மங்கத்தானே செய்யும்? முகவரிப் பட்டையில் 'அபௌட் சப்போர்ட்' (about:support) பக்கத்தைத் திறந்து 'விண்டோ புரோட்டோகால்' என்ற வரியைப் பார்த்தால் எந்த வழியில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். வேலேண்டிலேயே திற என்று சொல்லும் ஒரு வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்து, வெளியேறி உள்ளே வந்தேன். சுழிகள் தனித்தனியாகத் தெரிந்தன. 2023 டிசம்பரில் வந்த பயர்பாக்ஸ் 121 முதல் இதுவே இயல்பு அமைப்பு. டெபியன் தருவது புது வசதிகள் தாமதமாக வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால், அதில் பயர்பாக்ஸ் 128 வரும்வரை அந்த வரியை விட்டுவைத்திருந்தேன்.

அப்புறம் தடித்த எழுத்து. லோகித் தமிழ் எழுத்துருவுக்குத் தடித்த வடிவம் தனியாகக் கிடையாது. உலாவி தானாகவே கோட்டைப் பட்டையாக்குகிறது. தலைப்புகளில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு 'க்' சட்டென்று 'க' மாதிரித் தெரிகிறது. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவி, எழுத்துரு அமைப்பில் அதை முதலாவதாக வைத்தேன். அதோடு சரி.

வீடியோவில்தான் பாடம் அதிகம். யூடியூபில் 1080பி ஓடினால் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது. இன்டெல் சிப்புகளுக்கு லினக்ஸில் சுருக்கி வரும் வீடியோவை, பிராசசருக்குப் பதில் கிராபிக்ஸ் வன்பொருள் வழியே பிரிக்கும் வசதி பயர்பாக்ஸ் 115 முதலே இயல்பாக உண்டு. பிறகு ஏன் இந்த இரைச்சல்? எந்தெந்த வீடியோ வடிவங்களைச் சிப் பிரிக்கும் என்று காட்டும் 'விஏ-இன்ஃபோ' கட்டளை கொடுத்த பட்டியலில் விபி9 இருந்தது, ஏவி1 இல்லை. இன்டெலில் ஏவி1 பிரிக்கும் வசதி 11ஆம் தலைமுறையில்தான் வந்தது. எனக்கு வந்துகொண்டிருந்த வீடியோ ஏவி1. முழுச் சுமையும் பிராசசர் தலையில். பயர்பாக்ஸின் உள் அமைப்புப் பக்கமான 'அபௌட் கான்ஃபிக்' (about:config) போய் ஏவி1ஐ அணைத்தேன். விபி9 வரத் தொடங்கியது, விசிறி அடங்கியது. புதுச் சிப் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். ஏவி1 ஒரே தரத்துக்குக் குறைவான டேட்டாவே இழுக்கும்.

ரேம் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. இருபது டேப் தாண்டினால் நானே மூடிவிடுவேன்.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்தது. சில வாரம் பொறுத்து மாறினேன். எதுவும் உடையவில்லை. ஆன்லைன் கூட்டங்களுக்கு மட்டும் குரோமியம் வகை உலாவி ஒன்று வைத்திருக்கிறேன். திரையைப் பகிரும்போது எந்த ஜன்னல் என்று உலாவி ஒரு தடவை கேட்கும், டெஸ்க்டாப் இன்னொரு தடவை கேட்கும். பழகிவிட்டது. பழகாதது, அந்த உலாவியை வேலேண்டில் திறந்தால் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியே தமிழ் தட்ட முடியாமல் போனதுதான். அதற்கென ஒரு தனிக் கொடியை (திறக்கும் கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் சொல்) கொடுத்துத் திறந்தால் தட்டலாம். ஆனால் அவசரக் கூட்டத்தில் அது எங்கே ஞாபகம் வருகிறது? பயர்பாக்ஸில் தட்டி, வெட்டி, அங்கே கொண்டுபோய் ஒட்டுகிறேன்.