நெஞ்சுப் பட்டை கட்டி 16 மாசம் ஓடுன கதை

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். வயசு 43, செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை ஆபீஸ்ல கிளார்க் வேலை, ரெண்டு புள்ளைங்க. ஓட ஆரம்பிச்சு 7 வருசம் ஆச்சு, பினாங்கு பாலத்துல ஹாஃப் மாரத்தான் 2 மணி 19 நிமிசத்துல முடிச்சேன், அதான் என்னோட பெஸ்ட். அதுக்கப்புறம் டெங்கி வந்துச்சு, அதுலருந்து எழுந்து அவசரப்பட்டு ஓடி கால் எலும்பு கெட்டுச்சு, ஆக ரெண்டு தடவ அடியிலருந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. ரெண்டு தடவையும் என் கூடவே இருந்தது நெஞ்சுல கட்டிக்கிற ஹார்ட் ரேட் பட்டை. வாங்குன மொத வாரத்துலயே எழுதுற ரிவியூ நெறைய கெடைக்குது, ஆனா வேர்வையில ஊறி, லாஸ்டிக் தளந்து, பட்டன் பச்ச புடிச்சதுக்கு அப்புறம் யாரும் எழுதுறதில்ல, அதான் நான் எழுதுறேன். எந்த பிராண்டுன்னு கேக்காதீங்க, நான் சொல்லப் போறது அநேகமா எல்லா பட்டைக்கும் பொருந்தும்.

டெங்கியில எனக்கு பிளேட்லட் 38,000 வரைக்கும் எறங்குச்சு, சாதாரணமா 150,000க்கு மேல இருக்கணும். அஞ்சு நாள் வார்டுல. காய்ச்சல் விட்டுப் போச்சு, ஆனா உடம்பு திரும்பி வரல. ஆபீஸ் மாடிக்கு 22 படி, அத ஏறுனாலே மூச்சு வாங்கும், ஃபைல கீழ வச்சிட்டு செவுத்தப் புடிச்சிட்டு நிப்பேன். மூணு வாரம் கழிச்சு மெதுவா ஓடிப் பாக்கலாம்னு போனா கையில இருக்குற வாட்ச் நாடி 168னு காட்டுது. மூச்சு அவ்ளோ வாங்கல, ஆனா வாட்ச் 168லயே நிக்குது, நடந்தா எறங்குது, ஓடுனா மறுபடியும் 168. அப்புறம்தான் புரிஞ்சது, அது என் காலடி எண்ணிக்கை. மணிக்கட்டு வாட்ச் பச்ச லைட்ட தோலுக்குள்ள அடிச்சு ரத்த ஓட்டம் கூடிக் கொறையிறத பாக்குது, கை ஆடும்போது அந்த ஆட்டத்தையே நாடித் துடிப்புன்னு எண்ணிக்கும், நான் நிமிசத்துக்கு 168 அடி வைக்கிறேன், அதையே எனக்குத் திருப்பிக் காட்டிட்டு இருந்துச்சு. நோய்லருந்து எழுந்து வர்ற நேரத்துல இப்படி தப்பான நம்பர நம்பி ஓடுறது ஆபத்துன்னு தோணுச்சு, ஆன்லைன்ல 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) பட்டை வாங்கிட்டேன்.

பட்டை வேற மாதிரி வேல செய்யுது. இதயம் ஒவ்வொரு தடவ துடிக்கும்போதும் வர்ற மின்சாரத்த தோலு மேல இருந்தே புடிக்கும், ஈசிஜி எடுக்குற மாதிரிதான், ஆனா நோய் கண்டுபுடிக்கிற கருவி இல்ல. இதுல பேர் போன கம்பெனி போலார், 1977ல பின்லாந்துல கெம்பெலெங்கிற ஊர்ல ஆரம்பிச்சது, 1982லயே வயர் இல்லாம நாடி காட்டுற கருவிய விட்டாங்க, பனியில சறுக்கி ஓடுறவங்களுக்காக யோசிச்சது. அந்தக் குளுருல வேர்வை வரவே நேரம் ஆகும், அதனால கட்டுறதுக்கு முன்னாடி நனைக்கச் சொல்வாங்க. நம்ம ஊர்ல எதுக்குன்னு விட்டுட்டேன், அது தப்பு. விடியக்காலை 5.30க்கு வெளிய வரும்போது தோலு காஞ்சுதான் இருக்கும், மொத அஞ்சு நிமிசம் 190, 90, 205னு குதிக்கும். உள்பக்கம் ரெண்டு கருப்பு ரப்பர் துண்டு இருக்கும்ல, அதுல கொழாத் தண்ணிய தொட்டு தடவிட்டு கட்டுனா மொத அடியிலருந்தே ஒழுங்கா வருது.

எவ்ளோ நாடியில ஓடணும்னு எனக்கு யாரும் சொல்லல. பில் மாஃபெட்டோன்னு ஒரு அமெரிக்க பயிற்சியாளரோட முறை ஒன்னு இருக்கு, 180லருந்து வயச கழிக்கணும், பெரிய நோய்லருந்து எழுந்து வர்றவங்க இன்னும் 10 கழிக்கணும். எனக்கு 127. இது ஒரு குத்துமதிப்பான கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும், ஆனா எனக்கு ஒரு வேலி தேவப்பட்டுச்சு, இத எடுத்துக்கிட்டேன். 127ல ஓடுறது எப்படி இருக்கும்னா அது ஓட்டமே இல்ல, ஒரு கிலோமீட்டருக்கு 11 நிமிசம் 10 செகண்ட். எஸ்டேட் கேட்டுக்கிட்ட சின்ன ஏத்தம் ஒன்னு இருக்கு, அதுல நடந்தாத்தான் 127ல நிக்கும். பழைய லயத்துல இருக்குற பாட்டி ஒருத்தங்க, நான் ஓடுறத அஞ்சு வருசமா பாத்தவங்க, வாசல் கூட்டிட்டே கேட்டாங்க, "என்னா பாப்பா, நடக்குற, ஒடம்பு இன்னும் சரியாவலையா?" "டாக்டர் மெதுவா போகச் சொன்னாரு பாட்டி"ன்னேன். அப்படி எந்த டாக்டரும் சொல்லல, நெஞ்சுல கட்டுன பட்டை சொல்லுதுன்னு அவங்களுக்கு எப்படி வெளக்குறது.

ஆறு வாரத்துல நல்ல மாத்தம். அதே ரூட்டு, அதே 127, ஆனா 9 நிமிசம் 35 செகண்ட். மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கல. சந்தோசத்துல என்ன பண்ணுனேன், வாரத்துக்கு 12 கிலோமீட்டர் ஓடிட்டு இருந்தத 18, 26, 34னு ஏத்திட்டேன். நாடி ஏறவே இல்ல, அப்புறம் என்ன பயம்னு நெனச்சேன்.

இந்த எடம்தான் முக்கியம். பட்டை இதயத்தப் பத்தி மட்டும்தான் சொல்லும். எலும்பப் பத்தி அதுக்கு ஒன்னும் தெரியாது. ரத்தத்தோட அளவு, இதயம், மூச்சு எல்லாம் சில வாரத்துலயே திரும்ப ஆரம்பிச்சிடும். எலும்பு அப்படி இல்ல, புது பாரம் வந்தா மொதல்ல பழைய எலும்ப அரிச்சு எடுக்கும், அப்புறம்தான் புதுசு கட்டும், முழுசா கட்டி முடிக்க மூணு நாலு மாசம் ஆகும், நடுவுல கொஞ்ச நாள் முன்ன இருந்தத விட பலம் கம்மியா இருக்கும். அந்த நேரம் பாத்துத்தான் நான் 34 ஓடுனேன். எடது காலு முழங்காலுக்குக் கீழ உள்பக்கம், ஒரே ஒரு வெரல் வைக்கிற எடத்துல வலி. தசை வலின்னா பரவலா இருக்கும், ஓட ஓட கொறையும், இது ஓட ஓட ஏறுச்சு, ராத்திரி படுத்தாலும் இருந்துச்சு. ஒரு கிளினிக்ல தசைதான்னு சொல்லி மருந்து குடுத்தாங்க, எக்ஸ்ரேயும் சுத்தமா இருந்துச்சு. மூணு வாரம் நொண்டிட்டே இருந்தேன், அப்புறம் ஈப்போவுல எம்ஆர்ஐ எடுத்தாத்தான் எலும்புல அழுத்தக் காயம்னு தெரிஞ்சது. ஆரம்பத்துல எக்ஸ்ரேல இது தெரியாமப் போறது சகஜமாம். ஒரே எடத்துல குத்துற மாதிரி வலி வந்தா எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு ஓடாதீங்க, தயவு செஞ்சு.

ஒம்பது வாரம் ஓட்டம் இல்ல. பட்டை அலமாரியில கெடந்துச்சு. சைக்கிள் மிதிச்சேன், அப்பா வீட்டு வாசல்ல உக்காந்து பேசிட்டு இருந்தேன். அப்பா 30 வருசம் ரப்பர் பால் எடுக்க பால்மரம் வெட்டுனவரு, இப்ப அந்தக் காடெல்லாம் செம்பனை ஆயிடுச்சு. நான் வாரத்துக்கு ஆறு நாள் ஓடுனேன்னு சொன்னதும் அவரு கேட்டாரு, "ஏம்மா, மரத்தயே ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டுவோம், மரப்பட்டை வளரணுமேன்னு. கத்தி கொஞ்சம் ஆழமாப் போனாலே காயம் ஆறாது, முண்டு முண்டா வளந்துரும். நீ தெனம் ஓடியிருக்க." எத்தன வருசமா அவரு கூட இருக்கேன், இத என் காலோட சேத்து யோசிச்சதே இல்ல.

ரெண்டாவது தடவ ஆரம்பிக்கும்போது ஒரு முடிவு பண்ணேன். எவ்ளோ வேகம்னு பட்டை சொல்லட்டும், எவ்ளோ தூரம்னு நோட்டு சொல்லட்டும். புள்ளையோட பழைய ஸ்கூல் நோட்டு ஒன்ன எடுத்து தேதி, தூரம், காலைல கால் எப்படி இருந்துச்சுன்னு எழுதுறேன். பல் வெளக்குறதுக்கு முன்னாடி குசினியில நின்னு அந்த எலும்ப கட்ட வெரலால அழுத்திப் பாப்பேன், அப்புறம் எடது காலுல பத்து தடவ குதிப்பேன். வலி இருந்தா அன்னிக்கி ஓட்டம் இல்ல, நாடி எவ்ளோ நல்லா இருந்தாலும் இல்ல. வாரத்துக்கு நாலு நாள்தான், அடுத்தடுத்த நாள்ல ஓடுறத முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கிறேன். மூணு வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன், நாலாவது வாரம் எறக்கிடுவேன். ஆரம்பத்துல ஒரு நிமிசம் ஓட்டம் ரெண்டு நிமிசம் நடை, 1972 மியூனிக் ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்கு ஓடுன ஜெஃப் காலோவே பரப்புன முறை இது, களைச்சதுக்கு அப்புறம் நடக்காம களைக்கிறதுக்கு முன்னாடியே நடக்கணும். மூணு மாசம் கழிச்சுத்தான் நிக்காம 5 கிலோமீட்டர் ஓடுனேன்.

இந்த ஒரு வருசத்துல பட்டை காட்டுன சில விசயம். அதே ரூட்ட காலைல 6 மணிக்கு ஓடுறதுக்கும் சாயங்காலம் 6 மணிக்கு ஓடுறதுக்கும் எனக்கு 8லருந்து 12 துடிப்பு வித்தியாசம் வருது. சூட்ட வெளியேத்த ரத்தம் தோலுக்குப் போகுது, வேர்வையில தண்ணி கொறையுது, இதயம் கூட அடிச்சுத்தான் ஈடு கட்டணும். அதனால சாயங்காலம் வேகத்தப் பாக்கவே மாட்டேன். பீரியடுக்கு முந்துன வாரம் நாலஞ்சு துடிப்பு கூட இருக்கு, இத முன்னாடி எல்லாம் எனக்கு தெம்பு போயிடுச்சுன்னு நெனச்சு அழுதிருக்கேன், நோட்டப் பாத்தா மாசா மாசம் அதே வாரத்துலதான் வருது. மாசக் கணக்கு முடிக்கிற வாரத்துல ஆபீஸ்ல தூக்கம் இல்லாம இருந்தாலும் ஏறும். புகமூட்டம் வந்து ஐபியு (காத்து எவ்ளோ மாசுன்னு சொல்ற அளவு) 100அ தாண்டுனா நான் வெளிய ஓடுறதே இல்ல, அதுக்கு பட்டை தேவையில்ல.

இனி பொருளப் பத்தி. பொம்பளைங்க கேக்குற மொத கேள்வி, பிராவுக்குக் கீழ எப்படி கட்டுறது. கீழ் லாஸ்டிக்கும் பட்டையும் ஒரே எடத்துல ஒரசும், 10 கிலோமீட்டர் தாண்டுனா செவந்து போயிடும், குளிக்கும்போது உயிர் போற மாதிரி எரியும். நான் பட்டைய பிரா லாஸ்டிக்குக்கு அடியிலயே சொருகிடுறேன், கீழ எறங்க விடுறதில்ல, பக்கவாட்டுல மட்டும் வேசலின் தடவுறேன். கருப்பு ரப்பர் படுற எடத்துல தடவிறாதீங்க, எண்ணெய் பட்டா சிக்னல் போயிடும்.

ஓடி முடிச்ச ஒடனே பட்டையில பட்டன் போட்டு மாட்டுற சென்சர கழட்டி வைக்கணும், பட்டையோட மாட்டியே வச்சா பேட்டரி எறங்கிட்டே இருக்கும், ஈரத்துல பட்டனும் கெட்டுப் போகும். எனக்கு மொத பட்டை ஏழாவது மாசம் போச்சு, அதுல என் தப்பும் இருக்கு, மழக்காலத்துல ஈரத்தோட பையிலயே சுருட்டி வச்சிட்டேன், பட்டன் சுத்தி பச்சையா களிம்பு, துணியில கருப்பு கருப்பா பூஞ்சை. சென்சர் நல்லாத்தான் இருந்துச்சு, பட்டைய மட்டும் 60 வெள்ளிக்கு மாத்துனேன். இப்ப ஒவ்வொரு தடவையும் பச்சத் தண்ணியில அலசி நெழல்ல காயப் போடுறேன், வாரத்துக்கு ஒரு தடவ கொஞ்சம் சோப்பு. இந்த ரெண்டாவது பட்டை ஒம்பது மாசமா நல்லா இருக்கு. பேட்டரி சிஆர் 2032, 11வது மாசம் மாத்துனேன், 20 சென் காச வச்சு மூடியத் திருப்பலாம். நாடி திடீர்னு 70க்கு விழுந்து 200க்கு ஏறி வெளையாடுனா மொதல்ல பேட்டரியப் பாருங்க, எனக்கு என்னமோ இதய வியாதின்னு ரெண்டு நாள் பயந்து கெடந்தேன்.

இப்போ நான் 137ல ஓடுறேன், அந்தப் பத்தைக் கழிக்கிறத ஆறு மாசம் முன்னாடி விட்டுட்டேன். ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிசம் 40 செகண்ட், வாரத்துக்கு 42 கிலோமீட்டர், நீளமான ஓட்டம் 18. ஹாஃப் மாரத்தான்ல பழைய 2 மணி 19 நிமிசத்துக்கு இன்னும் வரல. போன மாசம் இருட்டோட செம்பனைக் காட்டுக்குள்ள போயிட்டு இருந்தேன், எலிக்காக எஸ்டேட்ல வச்சிருக்குற ஆந்தைப் பொட்டி மேல இருந்து ஒன்னு சத்தமே இல்லாம என் தலைக்கு மேல பறந்து போச்சு, பட்டை 131லருந்து 149க்குப் போயி ஒரு நிமிசத்துல எறங்கி வந்துச்சு. டெங்கிக்கு அப்புறம் ஏறுன நாடி எறங்க எனக்கு அஞ்சு நிமிசம் ஆகும். ரோட்டுலயே நின்னு வாட்ச பாத்துட்டே இருந்தேன், கண்ணு கலங்கிடுச்சு.

நோய்லருந்து, பிரசவத்துலருந்து, நீண்ட இடைவெளிலருந்து திரும்பி வர்றவங்க தாராளமா வாங்குங்க, அவசரப்படுறவங்க கண்டிப்பா வாங்குங்க. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு நாடி அவ்ளோவா ஏறாது, அதனால இந்த 180 கணக்கெல்லாம் ஒத்து வராது, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, பேசிட்டே ஓட முடியுதான்னு பாத்து ஓடுங்க. பழசு வாங்குறதா இருந்தா சென்சர் மட்டும் வாங்குங்க, பட்டைய புதுசா வாங்கிக்கோங்க, அடுத்தவங்க வேர்வையில லாஸ்டிக் எவ்ளோ நாள் ஊறுச்சுன்னு பாத்தாத் தெரியாது. பட்டை 180 வெள்ளின்னா, நோட்டு ஒன்னும் சேத்து எடுத்துக்கோங்க, வெல ஒன்னர வெள்ளிதான், என் கால காப்பாத்துனது அதுதான்.