பழைய லேத்துக்கு ஸ்டாண்டு அடிக்கக் கொடுக்கிறீர்களா? பெயிண்ட் பூசும் முன் போய்ப் பாருங்கள்

மூடிவிட்ட ஒரு டூல் ரூமிலிருந்து எனக்கு மைஃபோர்டு எம்எல்7 லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் நாட்டிங்காமை ஒட்டிய பீஸ்டனில் 1946-இல் வரத் தொடங்கிய மாடல். சின்ன லேத்துதான். ஆனால் பெட், அதாவது லேத்தின் நீளமான அடித்தளம், நாலு போல்ட்டில் உட்காருகிறது. அடியில் இருக்கும் பிளேட் கோணலாக இருந்தால், போல்ட்டை இறுக்க இறுக்க பெட்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்.

அதனால் கோவையில் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவுகளை எழுதியே கொடுத்தேன். மேல் பிளேட் 1000-க்கு 400, கனம் 10 எம்எம். கால்களுக்கு 50 எம்எம் சதுர பைப், கனம் 5 எம்எம். வெல்டிங் சூட்டில் பிளேட் இழுத்துக்கொள்ளும் என்பதால், எல்லாம் முடிந்தபின் மேல்பரப்பை மில்லிங் செய்து சமமாக்க வேண்டும் என்றும் சேர்த்திருந்தேன். 28,000 ரூபாய், மொத்தப் பணமும் முன்னாலேயே. பளபளவென்று சாம்பல் நிறத்தில் ஸ்டாண்டு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

லேத்தை ஏற்றி ஒரு கம்பியைக் கடைந்தால், 150 எம்எம் நீளத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் விட்டம் 0.12 எம்எம் வித்தியாசம். கொஞ்சம் ஆழமாக வெட்டினால் ஸ்டாண்டே அதிர்ந்தது. கேட்டதற்கு, "பழைய லேத் சார், பெட் தேஞ்சிருக்கும். கிரைண்டிங்குக்குக் கொடுங்க" என்றார் பட்டறைக்காரர். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். தன் வேலையின் குறையை எண்பது வருஷத்துப் பெயருள்ள இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டார். நானும் நம்பி, பெட்டைக் கழற்றி அனுப்ப இருந்தேன்.

தடுத்தவர் பக்கத்துத் தெருவில் லேத் ஓட்டும் டர்னர் அண்ணன். "தம்பி, டெயில்ஸ்டாக் பக்கத்து ரெண்டு போல்ட்டை லூஸ் பண்ணிட்டு லேசா ஒரு கட் போட்டுப் பாரு" என்றார். டெயில்ஸ்டாக் பக்கம் என்றால் லேத்தின் வலது முனை. அதே கம்பி, அதே உளி. வித்தியாசம் 0.02-க்கு இறங்கிவிட்டது. பெட்டில் பழுதே இல்லை.

அப்புறம் போல்ட் துளையைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டினேன். கெட்டியாகப் பட்டி வைத்துப் பள்ளத்தை மூடியிருந்தார்கள். மில்லிங் செய்த தடமே இல்லை. பிளேட் 6 எம்எம், பைப் 2 எம்எம்.

எடை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு 1 எம்எம் கனத்துக்கு 7.85 கிலோ. நான் கேட்ட பிளேட் மட்டுமே 31 கிலோ வர வேண்டும். 50 எம்எம் சதுர பைப் 5 எம்எம் கனத்தில் மீட்டருக்கு 7 கிலோ இருக்கும், 2 எம்எம் என்றால் 3 கிலோதான். இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கி இறக்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஸ்டாண்டு அடிக்கக் கொடுப்பவர்கள் பட்டி, பெயிண்ட் எதுவும் வேண்டாம், பிரைமரோடு நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்து, எடை போட்டு, அப்புறம் மீதிப் பணம் கொடுங்கள். யாராவது பெட் தேய்மானம் என்றால், முதலில் அந்த இரண்டு போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள்.

என் பணம் இன்னும் திரும்பவில்லை. லேத்தை இறக்கி மரக்கட்டைகள் மேல் வைத்திருக்கிறேன். 10 எம்எம் பிளேட்டை இந்த முறை நானே கடையில் நின்று எடை போட்டு வாங்கி வந்துவிட்டேன்.