ஒரு வாய்க்கு ஒரு வரிசை, ஒரு புட்டிக்கு வேறு வரிசை

அண்ணியின் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் பீர் குடிப்பதில்லை. அதனாலேயே பெல்ஜியத்தின் லூவன் நகரில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் அவரை நடுவராக்கினோம். எது எந்தப் பீர் என்று எங்களுக்குத் தெரியாதபடி ஆறு வகைகளையும் சின்னக் குவளைகளில் ஊற்றி, எண் ஒட்டி அனுப்புவது அவர் வேலை. ஊற்றும்போது ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டு ஒரு துண்டுத்தாளில் தமக்குத் தோன்றியதைக் குறித்துவைத்தார். மூன்றாம் எண்: "மழை பெய்து ஓய்ந்த மாட்டுத் தொழுவம்." ஐந்தாம் எண்: "மூன்று நாள் நீராகாரம்." ஆறாம் எண்: "கருப்பட்டிப் பாகு, அடிப்பிடிப்பதற்குச் சற்று முன்." இரண்டு மணி நேரம் வாயில் வைத்துச் சுழற்றி நாங்கள் மூன்று பேர் எழுதிய பக்கங்களில் இதைவிடத் துல்லியமான வரி ஒன்றுகூட இல்லை.

மூன்று பேர் என்றால் அண்ணன், நான், பக்கத்து வீட்டுப் பெரியவர். பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பிளெமிஷ்காரர், அதாவது டச்சு பேசும் பெல்ஜியத்துக்காரர். சிறு ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சுவதைக் குறிக்கும் 'கிராஃப்ட் பீர்' என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவில் அந்தச் சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இங்கே மடங்களிலும் பண்ணைகளிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவர் வாதம். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016-இல் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த நாளிதழை மடித்து வைத்திருக்கிறார். கேட்காமலே எடுத்துக் காட்டுவார்.

போட்டியில் இருந்த ஆறும் ஆறு வகை. சேசோன் டூபோன், வெஸ்ட்மல்லே டிரிப்பெல், ஓர்வால், ரோடன்பாக் கிரான் க்ரூ, பூன் குயூஸ், ரோஷ்ஃபோர் 10. வகை விட்டு வகை தாவி மதிப்பெண் போடுவது ரசத்தையும் பாயசத்தையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் என்று தெரியும். முறையான போட்டிகளில் அந்தந்த வகைக்குள்தான் தீர்ப்புச் சொல்வார்கள். ஆனால் விருந்துக்கு அழைத்தவர் மேசையில் ரசமும் பாயசமும் சேர்ந்தேதான் வருகின்றன. எதை இன்னொரு முறை கேட்பது என்று கை முடிவு செய்துவிடுகிறது. அதை எண்ணாக எழுதிப் பார்க்கும் ஆசை எங்களுக்கு.

மொத்தம் 20 மதிப்பெண்: மணத்துக்கு 5, வாய்ச்சுவைக்கு 10, விழுங்கிய பின் நாவில் நிற்பதற்கு 5. முதல் சுற்றில் ஆளுக்கு நான்கைந்து வாய் அளவே. மூவரின் சராசரி இப்படி வந்தது: ரோஷ்ஃபோர் 17.5, டிரிப்பெல் 16.5, ஓர்வால் 15, ரோடன்பாக் 14.5, டூபோன் 13.5, குயூஸ் 12.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. இணையத்தில் மக்கள் மதிப்பெண் போடும் பட்டியல்களிலும் கனத்த, கறுத்த, போதை கூடிய பீர்களே தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும். ரோஷ்ஃபோரின் நெருங்கிய உறவான வெஸ்ட்ஃபிளெட்டெரன் 12, 2005-இல் ரேட்பீர் தளத்தில் உலகின் முதலிடம் பிடித்தது. அமைதியாக இருந்த மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. முன்பதிவு செய்து வாங்க வேண்டும் என்பதால் அதை நாங்கள் சேர்க்கவில்லை. சோம்பல்தான், வேறு கொள்கை எதுவும் இல்லை.

ஆனால் எனக்கு ஓர் ஐயம். ஐந்தாம் எண்ணாக வந்தது குயூஸ். உச்சி வரை ஏறும் புளிப்பு. ஆறாவதாக வந்தது ரோஷ்ஃபோர். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வெறும் தண்ணீரே தித்திக்கும். பாகே வந்தால் கேட்க வேண்டுமா? ரோஷ்ஃபோரின் வெற்றியில் குயூஸுக்கு ஒரு பங்கு உண்டு. அதற்கான கூலி அதற்குக் கிடைக்கவில்லை.

ஆகவே இரண்டாம் சுற்று: நாளுக்கு ஒரு வகை, ஆளுக்கு ஒரு முழுப் புட்டி, இரவுச் சாப்பாட்டோடு. பெயரை மறைக்கவில்லை. பெரியவர் ஒவ்வொரு பீருக்கும் உரிய குவளையைத் தம் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். முதல் சுற்றில் எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் குவளையில் ஊற்றியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

ரோஷ்ஃபோர் 10-ஐ முதலில் எடுத்தோம். மடத்துத் துறவிகளின் மேற்பார்வையில், மடத்து மதிலுக்குள்ளேயே காய்ச்சி, வருமானத்தை மடத்துக்கும் அறப்பணிக்கும் செலவிட்டால்தான் டிராப்பிஸ்ட் என்ற முத்திரை கிடைக்கும். பெல்ஜியத்தில் இன்று அந்த முத்திரை உள்ளவை ஐந்தே. அவற்றில் மூன்று எங்கள் மேசையில் இருந்தன. இதன் ஆல்கஹால் 11.3 சதவீதம், ஒரு 33 சென்டிலிட்டர் புட்டியில் 37 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால். முதல் வாயில் பேரீச்சை, உலர்ந்த அத்தி, கருப்பட்டி, அடியில் சாக்லேட்டுக் கசப்பு. அருமை. ஐந்தாவது வாயிலும் அதே அருமைதான், அதுதான் தொல்லை. அரைக் கோப்பை தாண்டியதும் இனிப்பு நாவில் கம்பளி போலப் படர்ந்துவிட்டது. சாப்பாடு ருசிக்கவில்லை. அண்ணன் மீதியை வைத்துவிட்டுப் படுக்கப் போனார். சாப்பிட்டு முடித்த பின், குளிர்காலத்தில், மூன்று பேர் ஒரு புட்டியைப் பகிர்ந்தால் இதை வெல்ல ஆளில்லை. தனியாக ஒரு புட்டி என்றால் 13.5தான் எங்கள் கணக்கு.

டிரிப்பெல் கதை வேறு. ஆண்ட்வெர்ப் பக்கத்தில் உள்ள வெஸ்ட்மல்லே மடம் 1934-இல் தொடங்கிய பொன்னிறப் பீர் இது. இன்று உலகெங்கும் டிரிப்பெல் என்ற பெயரில் வருகிறவற்றுக்கு இதுவே முன்மாதிரி. 9.5 சதவீதம் என்று லேபிளைப் பார்த்தால்தான் நம்ப முடியும். காய்ச்சும்போது மால்ட்டோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியோடு, சர்க்கரையும் சேர்க்கிறார்கள். சர்க்கரை சேர்த்தால் இனிக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஈஸ்ட் அதை முழுக்கத் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடுவதால் போதை ஏறுகிறது, பீரின் உடம்பு இளைக்கிறது. பூவன் பழ வாசனையும் கிராம்பு வாசனையும் அந்த ஈஸ்ட்டின் வேலையே. புட்டிக்குள் பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. இதே கிராம்பு வாசனை பில்ஸ்னர் என்ற வெளிர்நிற லாகர் பீரில் வந்தால் காய்ச்சுகிறவர் தலையில் கைவைத்துக்கொள்வார்.

இங்கே பீர்கள் ஏன் இத்தனை வீரியமாக இருக்கின்றன என்றும் அன்று பேச்சு வந்தது. 1919-இல் வந்த ஒரு சட்டம் விடுதிகளில் சாராய வகைகளை விற்கத் தடை விதித்தது. 1980-கள் வரை அந்தத் தடை நீடித்தது. ஜின் கேட்டுப் பழகிய நாக்குக்கு வீரியமான பீர் ஈடு கொடுத்தது. "தடை செய்தவர்கள்தான் எங்களுக்கு டிரிப்பெல் கொடுத்தார்கள்" என்றார் பெரியவர். முழுக் காரணம் அதுவல்ல என்றாலும் குவளையை உயர்த்திக்கொண்டு சொன்னதால் யாரும் மறுக்கவில்லை. முழுப் புட்டியில் டிரிப்பெல் சற்றே இறங்கி 15.5-இல் நின்றது.

ரோடன்பாக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேற்கு பிளாண்டர்ஸின் ரூசெலாரே நகரம். ஆள் உயரத்தைத் தாண்டிய 294 கருவாலி மரத் தொட்டிகள். அவற்றில் இரண்டு ஆண்டு முதிர்ந்த பீர் மூன்றில் இரண்டு பங்கு, இளம்பீர் ஒரு பங்கு என்று கலந்தது கிரான் க்ரூ. நிறம் சிவந்த பழுப்பு. இதைச் சொல்லத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது: துவர்ப்பு. நாவல்பழம் தின்ற நாக்கில் கடைசியாக மிஞ்சும் அந்தப் பிடிப்பு, மரத்திலிருந்து வருகிறது. அதன்மேல் காடியின் மெல்லிய குத்தல். கவர்ச்சியான பீர். ஆனால் இறுதியில் ஓர் இனிப்பு எட்டிப் பார்த்துப் புளிப்பைச் சமாதானப்படுத்துகிறது. எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்கவில்லை. அண்ணனுக்கு அதுதான் பிடித்தது. சராசரி 14.

குயூஸுக்கு வருவோம். 12-இல் கடைசியாகக் கிடந்த பீர்.

பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்யும் லாம்பிக் என்ற பீரில் காய்ச்சுகிறவர் ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. மால்ட்டும் முளைகட்டாத கோதுமையும் கொதித்த சாற்றை அகன்ற, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். குளிர்காற்றோடு வரும் நுண்ணுயிர்கள் இறங்கிக் குடியேறுகின்றன. இதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும் என்பதால் கோடையில் காய்ச்சுவதில்லை. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களையும் ஆண்டுக்கணக்கில் பழசாக்கித்தான் போடுவார்கள். கசப்பு போய்விடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் மிஞ்சும். பிறகு மரப்பீப்பாயில் ஆண்டுகள். வெவ்வேறு வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்தால், இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை மீண்டும் நொதித்துப் பொங்குகிறது, அதுதான் குயூஸ். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் 1900-இல் தொடங்கிய காந்தியோன் என்ற பீராலையைச் சுற்றிப் பார்க்கலாம். அங்கே சிலந்தி வலைகளைத் துடைப்பதில்லை. பீப்பாய்களை மொய்க்கும் பூச்சிகளைச் சிலந்திகள் பிடித்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் அண்ணி தம் வீட்டு மூலை ஒன்றைக் காட்டி, "அப்படியென்றால் நானும் பீராலை வைக்கலாம் தம்பி" என்றார்.

அவர் எழுதிய 'நீராகாரம்' வேடிக்கை இல்லை. பழைய சோற்றைப் புளிக்கவைப்பது லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியா. குயூஸின் புளிப்பும் பெரும்பாலும் அதே அமிலம். பனங்கள்ளிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை, காற்றிலும் கலயத்திலும் இருப்பதே நொதிக்கவைக்கிறது. கள் ஒரு நாளில் செய்து முடிப்பதை லாம்பிக் மூன்று ஆண்டு இழுக்கிறது, அவ்வளவுதான். லெம்பேக் ஊரில் ஃபிராங்க் பூன் நிறுவிய பீராலையின் குயூஸ் 7 சதவீதம். முதல் வாய் முகத்தைச் சுளிக்கவைத்தது. மூன்றாவது வாயில் எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், ஈரமான வைக்கோல் என்று பிரிந்து தெரிந்தது. அண்ணி வறுத்த மத்தி மீனோடு பாதிப் புட்டி போனதே தெரியவில்லை. எண்ணெயை அறுத்து, நாவை வழித்து, அடுத்த துண்டுக்கு இடம் செய்து கொடுத்தது. 16. நான் மட்டும் போட்டிருந்தால் இன்னும் ஒன்று கூடியிருக்கும்.

ஓர்வாலுக்கு ஒரு நாள் போதவில்லை. இது பிரெஞ்சு எல்லையருகே உள்ள மடம். புட்டியில் மோதிரத்தை வாயில் கவ்விய மீன். ஊற்றில் தவறவிட்ட திருமண மோதிரத்தை ஒரு மீன் மீட்டுத் தந்ததாகச் சொல்லப்படும் சீமாட்டியின் கதை அது. 6.2 சதவீதம். புட்டியில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். ஒயின்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே பீப்பாயைக் கொளுத்தத் தயாராவார்கள்; அண்ணியின் மாட்டுத் தொழுவம் அதிலிருந்து வந்ததுதான். மிச்சமிருக்கும் சர்க்கரையை அது மாதக்கணக்கில் மென்றுகொண்டே இருப்பதால், அடைத்த தேதியைப் பார்க்காமல் ஓர்வாலைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் பொருளில்லை. இரண்டு மாதப் புட்டியில் ஹாப்ஸின் ஆரஞ்சுத் தோல் மணமும் நேரான கசப்பும் இருந்தன. பதினான்கு மாதப் புட்டியில் கசப்பு பின்வாங்கி, தோலும் தொழுவமும் முன்வந்து, நாக்கு எலும்பாக உலர்ந்தது. சில விடுதிகளில் இளசா முதிர்ந்ததா என்று கேட்டே கொண்டுவருகிறார்கள். பெரியவர் முதிர்ந்ததன் கட்சி. எனக்கு இரண்டுக்கும் நடுவில், ஆறேழு மாதத்தில் பிடிக்கும் என்று தோன்றுகிறது. இரண்டு புட்டிகளையும் சேர்த்து 17.

கடைசி நாள் டூபோன். பெல்ஜியத்தின் எனோ மாகாணத்துப் பண்ணை ஒன்றில் பிறந்தது. அந்த வட்டாரத்தில் கோடையில் வயலில் உழைப்பவர்களுக்காகக் குளிர்காலத்திலேயே காய்ச்சி வைப்பார்கள் என்பது சேசோன் வகையின் பூர்வீகம். 6.5 சதவீதம். மற்றவர்கள் அஞ்சும் அளவு வெப்பத்தில், 30 பாகைக்கும் மேலே, இதை நொதிக்கவிடுகிறார்கள். முதல் சுற்றில் முதல் எண்ணாக வந்து, "மிளகு, எலுமிச்சை, சுமார்" என்று மூவரும் கடந்துபோன பீர். முழுப் புட்டியாக உட்கார்ந்தபோது வெள்ளை நுரை நிற்கிறது, மிளகு மூக்கில் ஏறுகிறது, விழுங்கியதும் ஒன்றும் மிஞ்சாமல் உலர்கிறது. கை தானாகக் குவளைக்குப் போகிறது. மிளகுக் கோழி வறுவலோடு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் குடித்ததில்லை. 17.5, முதலிடம்.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். சென்ற ஆண்டு ஒரு கடையில் சன்னலோரம் வெயில்பட நின்ற பெரிய பச்சைப் புட்டியை வாங்கிவந்து திறந்தால், நனைந்த நாயின் வாடை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் அப்படிச் சிதையும். பச்சைக் கண்ணாடி அதைத் தடுக்காது. இருட்டு அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுக்கவேண்டும், அல்லது பெட்டியோடு வாங்கவேண்டும்.

ஆக இரண்டாம் சுற்று வரிசை: டூபோன், ஓர்வால், குயூஸ், டிரிப்பெல், ரோடன்பாக், ரோஷ்ஃபோர். முதலில் முன்னால் நின்றது பின்னால் போய்விட்டது. வறண்டு முடிந்தவை ஏறின, இனிப்பை நாவில் விட்டுப்போனவை இறங்கின. நான்கைந்து வாய் குடித்துவிட்டுப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்து இனிமேல் நான் பீர் வாங்கப்போவதில்லை.

அண்ணன் மீதி வைத்த ரோஷ்ஃபோரை அண்ணி கொட்டவில்லை. மறுநாள் ஆட்டுக்கறியை வெங்காயம், பெருஞ்சீரகம், மிளகோடு வதக்கி, தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றி இரண்டு மணி நேரம் வேகவைத்தார். கறியைப் பீரில் வேகவைப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் டிராப்பிஸ்ட்டை, அதுவும் 10-ஐச் சட்டியில் ஊற்றியதாகக் கேட்டதும் பெரியவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். மதிப்பெண் தாளை நீட்டினோம். வாங்க மறுத்து, தட்டை நீட்டினார்.