ஸ்ட்ரைக்கில் ஃபிளைட் கேன்சல்: காத்துக் கிடப்பதா, காசை வாங்கிக்கொண்டு கிளம்புவதா?

ராத்திரி ஒரு மணிக்கு மார்த்தாண்டத்தில் கார் பிடித்து, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் எல்லாம் தாண்டி திருவனந்தபுரம் சாக்கை டெர்மினல் வாசலில் இறங்கினால், டிக்கெட்டைப் பார்த்த செக்யூரிட்டி "ஃபிளைட் கேன்சலாணல்லோ சேட்டா" என்கிறார். மச்சானுக்கு சவூதியில் தமாம் போக வேண்டும். டிராலியில் நைலான் கயிறு போட்டு இறுக்கிய இரண்டு அட்டைப்பெட்டி, மேலே மார்க்கரில் பெயரும் போன் நம்பரும், உள்ளே முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், மீன் ஊறுகாய். ஊழியர்கள் ஸ்ட்ரைக்காம். எந்தக் கம்பெனி என்பது இப்போது வேண்டாம்.

போனில் மெசேஜ் வந்து கிடந்தது. ரீஃபண்டா, வேறு தேதியா, இரண்டில் ஒன்றைத் தொடு. மச்சான் கோபத்தில் ரீஃபண்டைத் தொட்டுவிட்டான். அங்கேதான் தப்பு.

ரீஃபண்டில் உள்ள ஒரே லாபம், உடனே வேறு கம்பெனியில் டிக்கெட் போட்டுக் கிளம்பிவிடலாம் என்பது. ஆனால் கேன்சலான எல்லாரும் அதே நேரத்தில் அதே சீட்டைத்தான் தேடுகிறார்கள், கண்ணெதிரே விலை ஏறுகிறது. மச்சானுக்கு முதல் டிக்கெட்டைப் போல இரண்டரை மடங்கு ஆனது. பழைய காசோ ஏஜெண்ட் வழியாகத்தான் திரும்பி வரும், நாளைக்கு நாளைக்கு என்று இழுக்கும். எல்லாவற்றையும் விட, ரீஃபண்ட் வாங்கிய நிமிஷமே உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு கம்பெனியின் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

அதே ஃபிளைட்டில் போக வேண்டிய அருமனைக்காரர் ஒருவர் மூன்று மணி நேரம் கவுண்டரில் வரிசையில் நின்று, மூன்றாம் நாள் கொச்சியிலிருந்து சீட் வாங்கினார். ஒரு பைசா கூடுதல் இல்லை. கம்பெனியே கேன்சல் செய்தால் மாற்று ஃபிளைட்டோ முழு ரீஃபண்டோ கொடுக்க வேண்டும் என்பது, விமானக் கம்பெனிகளை மேய்க்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி; ஏர்போர்ட்டுக்கு வந்துவிட்டு மாற்று ஃபிளைட்டுக்காகக் காத்திருந்தால் சாப்பாடும் தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், அது தனிக்கதை.

ஆகவே என் ஓட்டு காத்திருப்பதற்கே. ஒரு விலக்கு உண்டு: லீவுக்கு வந்து, திரும்பிப் போகும் சவூதி ரீ-என்ட்ரி விசா தேதி முடியப் போகிறவர்கள், புது வேலை விசாவின் கடைசி நாட்களில் இருப்பவர்கள். அவர்கள் விலையைப் பார்க்கக் கூடாது, கடன் வாங்கியாவது ஏறிவிட வேண்டும்.

சரி, மாற்று சீட் கேட்கும்போது எந்த ஏர்போர்ட்? எங்கள் ஊரிலிருந்து மதுரையும், கொச்சி ஏர்போர்ட் இருக்கும் நெடும்பாசேரியும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். நாகர்கோவில் தாண்டிவிட்டால் மதுரை ரோடு நான்கு வழி, தூங்கிக்கொண்டே போகலாம். ஆனால் அங்கிருந்து வெளிநாட்டில் சில ஊர்களுக்குத்தான் நேர் ஃபிளைட். கல்ஃபில் பெரும்பாலான ஊர்களுக்கு கொச்சிதான். ரோட்டில் இடுப்பு ஒடியும் என்பதால், காலையில் குழித்துறையில் பரசுராம் எக்ஸ்பிரஸ் ஏறி ஆலுவாவில் இறங்குவது மேல்.

ஸ்ட்ரைக்கிலும் இரண்டு வகை. ஐரோப்பாவில் பெரும்பாலும் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். இங்கே பலமுறை திடீர் சிக் லீவ். 2024 மே 7 ராத்திரி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் இருநூறு பேருக்கு மேல் உடம்பு சரியில்லை என்று சொல்ல (மச்சான் கதை அதற்கும் முந்தியது), இரண்டு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபிளைட் கேன்சலானது, கேரளா ஏர்போர்ட்டுகளில் ஒரே கூட்டம். 50 சீட்டுக்கு ஒரு கேபின் ஊழியர் இருந்தாக வேண்டும்; விமானம் நிற்கிறது, பைலட் இருக்கிறார், நாலாவது ஆள் வரவில்லை என்றால் 180 பேரோடு அது கிளம்பாது. 25 பேரை வேலையை விட்டு நீக்கினார்கள், மே 9 டெல்லியில் சமரசப் பேச்சு நடந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சம்பளம், நடத்தும் விதம் என்று அவர்கள் சொன்ன குறைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் பத்மநாபசாமி ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடக்க வருஷத்துக்கு இரண்டு தடவை ஏர்போர்ட்டையே சில மணி நேரம் மூடுகிறார்கள், ஒருத்தரும் தவிப்பதில்லை. முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நஷ்டஈட்டில்தான் வித்தியாசம் வயிற்றெரிச்சலாக இருக்கும். சொல்லாமல் கேன்சல் செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை என்று நம் விதியில் உண்டு, ஆனால் கம்பெனியின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்கள் என்ற பட்டியலில் வெள்ளம், கலவரத்தோடு ஸ்ட்ரைக்கையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பைசா வராது. ஜெர்மனியில் 2016இல் டியூஐஃபிளை விமானக் கம்பெனி ஊழியர்கள் இதே மாதிரி கூட்டமாக சிக் லீவ் போட்டபோது, கம்பெனி தன் ஆட்களோடு போட்ட சண்டைக்கு கம்பெனிதான் பொறுப்பு என்ற ரீதியில் ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொன்னது. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி, அயர்லாந்து போன நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்க: அங்கிருந்து கிளம்பும் ஃபிளைட் எந்த நாட்டுக் கம்பெனியானாலும் ஐரோப்பிய யூனியனின் நஷ்டஈட்டுச் சட்டம் பொருந்தும், 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 600 யூரோ வரை கேட்கலாம். கம்பெனியின் சொந்த ஊழியர் ஸ்ட்ரைக்காக இருக்க வேண்டும். ஏர் டிராஃபிக் கன்ட்ரோல்காரர்கள் செய்தால் கிடைக்காது.

அப்புறம் இரண்டாயிரம் மிச்சம் என்று மும்பை வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறு கம்பெனி என்று தனித்தனி பிஎன்ஆரில், அதாவது தனித்தனி புக்கிங் நம்பரில், போடுகிறவர்களுக்கு: முதல் ஃபிளைட் ஸ்ட்ரைக்கில் கேன்சலானால் இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத ஆள், அந்தக் காசும் கோவிந்தா. ஒரே பிஎன்ஆர் என்றால் கடைசி ஊர் வரை கம்பெனி தலைவலி.

மச்சான் எப்படியோ போய்ச் சேர்ந்தான். புது டிக்கெட்டில் லக்கேஜ் அளவு குறைவு என்பதால் ஒரு பெட்டி எங்களோடு திரும்பி வந்தது, முந்திரிக்கொத்தைப் பிள்ளைகள் இரண்டு நாளில் காலி செய்தார்கள். ரீஃபண்ட் வர ஒன்றரை மாதம் ஆனது, அதிலும் ஏஜெண்ட் தன் சர்வீஸ் சார்ஜைப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.